நொண்டி அடி

ஒரு ஆள் மேல் இருபத்திரண்டு வருஷம் கோபமாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உடம்பில் தெம்பு வேண்டும், ஒழுங்கு வேண்டும், தினமும் அதற்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்த 'இடி'க்கு அந்த ஒழுங்கு இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது ஐந்து நிமிஷம், பஸ்ஸில் பத்து நிமிஷம், ராத்திரி படுத்தபின் தூக்கம் வரும் வரைக்கும். அவ்வளவு கோபமும் ஒரே ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவளுடைய சொந்த அண்ணனுக்கு.

சலவைக் கூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஆள் உயர வாஷிங் மெஷின் நான்கு, உலர்த்துகிற மெஷின் மூன்று, படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற நீராவி உருளை ஒன்று. உருளைக்கு இந்தப் பக்கம் இடியும் அவளுடைய ஜோடிக்காரியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரிப்பை உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் அது அட்டை மாதிரி விறைப்பாக வெளியே வரும். ஒன்பது விநாடிக்கு ஒரு விரிப்பு. இருபத்தி நாலு வருஷமாக அந்த ஒன்பது எட்டரை ஆனதும் இல்லை, பத்து ஆனதும் இல்லை. ஜோடிக்காரி கடிகாரத்தைப் பார்ப்பதே கிடையாது, இடி மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக் கையை நீட்டுவாள். தள்ளுவண்டியைச் சுவரில் மோதித்தான் நிறுத்துவாள், கதவை இடுப்பால்தான் சாத்துவாள் என்பதால் இடி என்று பேர் வந்தது. ஒரு காலத்தில் அவள் ட்ரம்ஸ் வாசித்தவள் என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால் அல்லவா சொல்வதற்கு!

அண்ணனுக்கு ஊர்ப் பாட்டுக் குழுக்கள் மத்தியில் 'மினுக்கு' என்று பேர். பத்தொன்பது வயசில் கண்ணுக்குக் கீழே ஜிகினா ஒட்ட ஆரம்பித்தவன், ஐம்பத்தொன்று ஆன பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் அவன் பாட்டு, அவள் ட்ரம்ஸ், கிதார் வாசிக்க அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர். அவர்களிடம் 'பூட்டு' என்று ஒரு பாட்டு இருந்தது. நாலு அடி கொண்ட அந்தப் பாட்டில், ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவன் "சாவி எங்கே!" என்று கத்துவான். அத்தனை வாத்தியமும் ஒரு நொடி அடங்கும், உடனே அவள் பெரிய ட்ரம்மைக் காலால் ஒரு மிதி மிதிப்பாள், திரும்ப எல்லாரும் பாய்வார்கள். ஒரு கேசட் கம்பெனிக்குக் காட்டுவதற்காக அதை மாதிரிக்குப் பதிவு செய்த அன்றைக்குப் பெடலின் ஸ்பிரிங் கழன்றுவிட்டது. அவள் மிதித்தாள், பெடல் அசையவில்லை. பெருவிரலால் நெம்பித் தூக்கி மறுபடி மிதிப்பதற்குள் அடி தாமதமாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மற்ற மூன்று பேரும் அந்த 'டும்' வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, வந்ததும் பாய்ந்தார்கள். சொத்தையாகிவிட்டது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கம்பெனிக்காரர்களுக்குக் கேசட் பிடித்துப்போய், நிஜப் பதிவுக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் காலையில் அண்ணன் வந்து, "ரெக்கார்டிங் தள்ளிப் போயிடுச்சு, அடுத்த மாசம்னு சொல்லிட்டாங்க, நீ வேலைக்குப் போ" என்றான். அவளும் போனாள். அவள் இங்கே விரிப்பை உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே வேறு ஒருத்தன் அவள் வாசிப்பைக் கேசட்டில் கேட்டுக் கேட்டு அப்படியே வாசித்துக்கொண்டிருந்தான். பளபளப்பான கூட்டத்துக்கு நடுவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சலவைக்காரி உட்கார்ந்திருந்தால் எடுபடாதாம். அண்ணன் அப்படிச் சொன்னதைப் பிறகு கிதார்க்காரன்தான் சொன்னான்.

மூன்று மாசம் கழித்து, சலவைக் கூடத்து ரேடியோவில், கையில் ஈர விரிப்போடு அவள் அந்தப் பாட்டைக் கேட்டாள். அவள் இடத்துக்கு வந்தவன் ரொம்ப நாணயமானவன். அவள் போட்டதைத் துளி விடாமல் காப்பி அடித்திருந்தான். ஸ்பிரிங் கழன்றதையும் சேர்த்து! ஒரே ஒரு தடவை தவறிப்போன அந்த 'டும்'மை, பாட்டின் நாலு அடி முடிவிலும் வரிசையாக வைத்திருந்தான். பாட்டு பிடித்துக்கொண்டதே அந்தத் தாமதத்தால்தான். 'நொண்டி அடி' என்று அதற்குப் பேரே வைத்தார்கள். ஊர் ஊராகப் பையன்களும் பெண்களும் அந்த நொண்டியைப் பழகினார்கள். பேட்டிகளில் அண்ணன் சொன்னான்: "ஒருநாள் செருப்பு அறுந்து போய் நொண்டி நொண்டி நடந்தேன். அந்த நடையைத்தான் பாட்டுல வச்சேன்." செருப்பு அறுகிற தூரம் அவன் வாழ்க்கையில் நடந்ததே இல்லை.

அதோடு விட்டானா? தங்கச்சி எங்கே என்று கேட்டவர்களிடம், "பாவம், அவளுக்குக் கை நடுங்குது, வியாதி" என்று சொல்லி வைத்தான். அதற்கப்புறம் எந்தக் குழுவும் அவளைக் கூப்பிடவில்லை. அம்மாகூட அதை நம்பி ஒரு மாசம் அவள் கையைப் பிடித்துத் தைலம் தேய்த்துவிட்டாள். நடுங்காத கையை நீட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாசத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும். மகனைச் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள். அதனால் சொல்லவில்லை. வீட்டுப் பின்னறையில் ரப்பர் தட்டுகளை ட்ரம்ஸ் மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக வாசித்தாள். அவ்வளவுதான் அவளுடைய கச்சேரி.

அவளுக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை. மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. தரை அவனுக்காக உட்கார வேண்டும்.

இது எல்லாருக்கும் புரியாது. டைல்ஸ் கடை ஒன்றுக்கு அடியில் இருந்த கிடங்கில்தான் அந்த ஊர் பங்க் குழுக்களும் கிளாம் ராக் குழுக்களும் வாசித்தன. வானொலிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆகாத குழுக்கள். டைல்ஸ்காரி என்று எல்லாரும் கூப்பிடுகிற கடை முதலாளியம்மாதான் இடம் கொடுத்து நடத்தினாள். நாற்காலி கிடையாது, இருநூறு பேரும் நின்றுதான் கேட்க வேண்டும். அங்கே சுருதி தப்பலாம், கெட்ட வார்த்தை பேசலாம், மேடையிலிருந்து கூட்டத்தின் மேல் குதிக்கலாம். ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. எடுத்த பாட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் யாரும் கூச்சல் போடமாட்டார்கள், எதையும் எறியமாட்டார்கள். இருந்த இடத்திலேயே எல்லாரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு அந்தக் குழு படியேறும் வரைக்கும் ஒரு சத்தம் வராது. தரை உட்கார்ந்த குழு அதற்குப் பிறகு அங்கே தலைகாட்டியது கிடையாது. இருபத்தைந்து வருஷத்தில் நாலே நாலு குழுவுக்குத்தான் அந்தக் கதி. அதில் ஒரு பாடகர் இப்போது கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார். அந்தத் தெருப்பக்கம் மட்டும் வண்டியைத் திருப்பமாட்டாராம்.

அவள் காத்திருந்தது ஒரு புதன்கிழமை தானாக வந்தது. உருளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது போன் அடித்தது.

"ஏய், நான்தான் பேசறேன்."

"எந்த நான்?"

"உங்க அண்ணன்டி! குரல்கூட மறந்துபோச்சா? கேளு, எங்க ட்ரம்ஸ்காரன் வேன் கதவுல கையை விட்டுட்டான். மூணு விரல் கட்டு. பன்னிரண்டு ஊர் போறோம், சனிக்கிழமை நம்ம கிடங்குலதான் முதல் கச்சேரி. நீ வந்து வாசிக்கணும். அன்னிக்கு மட்டும்தான், அப்புறம் வேற ஆள் வந்துடுவான். அஞ்சே பாட்டு. எல்லாம் உனக்குத் தெரிஞ்ச பழைய பாட்டு."

"எனக்குத்தான் கை நடுங்குதே."

"அடடா, இன்னுமா?" என்றான் அண்ணன், உண்மையான கவலையோடு. தான் விட்ட புளுகைத் தானே நம்பி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறான்! இடிக்கு ஒரு நிமிஷம் சிரிப்பதா செவிட்டில் அறைவதா என்று தெரியவில்லை. போனில் அறைய முடியாது.

"இப்ப பரவால்ல. வரேன்" என்றாள்.

வீட்டில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணா பார்க்க மாட்டோமான்னு இருந்துச்சு. வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கிட்டு இருக்காதடி. ஒருநாளாவது அவனுக்கு விட்டுக்கொடுத்துப் போ."

"நாப்பத்தஞ்சு வருஷமா வேற என்னம்மா பண்ணேன்?" என்று கேட்டுவிட்டு இடி பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இடுப்பால்தான்.

அவளுடைய திட்டம் ரொம்ப எளிது. பாட்டு எந்த வேகத்தில் போக வேண்டும் என்று பாடகன் தீர்மானிப்பதில்லை, கேட்கிறவர்கள்தான் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். தீர்மானிப்பவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். 'பூட்டு' மூச்சு விட இடமே இல்லாத பாட்டு. ஐம்பத்தொரு வயசு, ஐந்து அங்குலக் குதிகால், வயிற்றை உள்ளே இழுத்துக் கட்டின வெள்ளி உடுப்பு. இத்தனையோடு பழைய வேகத்தில் பாடுவதற்கே அவனுக்கு நாக்குத் தள்ளும். அடிக்கு அடி அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மூன்றாவது அடியில் நின்றுவிடுவான். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அந்தக் கிடங்கில் வேகம் என்றால் பாராட்டு. அவன் நிற்பான், தரை உட்காரும்.

ஒரே ஒரு சங்கடம். தரை உட்கார்ந்தால் குழுவுக்கே உட்கார்ந்ததுதான், ட்ரம்ஸ்காரிக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது. அவளுக்கும் அதுதான் கடைசி. புதன்கிழமை அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குப் போய், இருபத்திரண்டு வருஷம் கழித்து நிஜமான தோல் மேல் முதல் அடி விழுந்தபோதுதான் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஏதோ பெயர்ந்து விழுந்த மாதிரி இருந்தது. ரப்பர் தட்டில் இத்தனை வருஷம் அடித்தது எல்லாம் பொய்ச் சோறு என்று புரிந்தது. அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சி அதை உள்ளே தள்ளினாள். எதிரே அண்ணன் குதிகாலை மாட்டிக்கொண்டு, "இவ்வளவு நல்லா வாசிக்கிறவ எதுக்குடி விட்டே?" என்றான். அந்தக் கேள்விக்குப் பிறகு அவளுக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. போனால் போகட்டும், தானும் சேர்ந்தே போனாலும் போகட்டும்.

சனிக்கிழமை கிடங்கு நிரம்பி வழிந்தது. இடது பக்கம் பங்க் கூட்டம்: கிழிந்த கறுப்புச் சட்டை, சட்டை பூராவும் ஊக்கு, பாதி தலை மொட்டை. வலது பக்கம் கிளாம் கூட்டம்: ஜிகினா, இறகு, ஆணுக்கும் உதட்டுச் சாயம். இரண்டு கூட்டத்துக்கும் ஒருத்தரையொருத்தர் ஆகாது, ஆனால் மூன்றாவது குழு முடிவதற்குள் இங்கத்து ஜிகினா அங்கத்துக் கறுப்புச் சட்டையில் ஒட்டியிருக்கும். சலவைக்காரியின் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. ஜிகினாவை எத்தனை தடவை துவைத்தாலும் முழுசாகப் போகாது.

மொத்தம் ஆறு குழு. முதலில் டயர்க் கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள் வந்து, நாற்பது விநாடிக்கு ஒன்றாகப் பத்துப் பாட்டுப் பாடிவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கினார்கள். இரண்டாவது குழுவின் பாடகர் ஒரு பள்ளிக்கூடக் குமாஸ்தா. ஒரு வாரம் முழுக்கத் தலைமையாசிரியர் தன்னிடம் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை மாற்றாமல் தொண்டை கிழியக் கத்தினார், கூட்டம் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது. மூன்றாவதாக இரண்டு அண்ணன் தம்பிகள் தங்க நிறக் கால்சட்டையில் வந்து, பாட்டைவிட நேரம் எடுத்துத் தலைமுடியைச் சரிசெய்தார்கள். சாமான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் இடி பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போடுகிற நீலச் சட்டைதான் போட்டிருந்தாள். "ஏதாவது பளபளன்னு போட்டுக்கக் கூடாதா?" என்று அண்ணன் முகம் சுளித்தபோது, "உனக்குப் பின்னாடி யாரு பார்க்கப் போறா?" என்று கேட்டு வாயை அடைத்திருந்தாள்.

கடைசிக் குழு அண்ணனுடையது. முதல் நாலு பாட்டையும் அவள் ஒன்பது விநாடிக்கு ஒரு விரிப்பு என்கிற கணக்காக, நூல் பிசகாமல் வாசித்தாள். அவன் குளிர்ந்துபோனான். ஐந்தாவது பாட்டான 'பூட்டு'க்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "ட்ரம்ஸ்ல என் தங்கச்சி! உடம்பு முடியாதவ. கை நடுங்கும். அண்ணனுக்காக வந்திருக்கா, கைதட்டுங்க!" என்றான். கூட்டம் 'த்சொ, த்சொ' என்றுவிட்டுக் கைதட்டியது. முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடிக்குக் காது ரெண்டும் கொதித்தது. குச்சிகளை உயர்த்தி நாலு தட்டுத் தட்டினாள்.

முதல் அடி வழக்கமான வேகத்தில்தான் போனது. "சாவி எங்கே!" எல்லாம் அடங்கியது, நொண்டி அடி தாமதமாக விழுந்தது, கூட்டம் எகிறியது. இரண்டாவது அடியில் கொஞ்சம் கூட்டினாள். இப்போதைய கிதார்க்காரன் நெட்டை திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட ஓடினான். அண்ணன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினான். மெதுவா, மெதுவா. அந்தக் கையை அவள் நன்றாகவே பார்த்தாள், பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டினாள். மூன்றாவது அடியில் அவன் பாதி வார்த்தைகளை விழுங்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, ஜிகினா வியர்வையில் கரைந்து கன்னத்தில் இறங்கியது. ஒரு வரி முழுசாகப் போயிற்று, அடுத்த வரிக்கு வாய் திறந்தது, குரல் வரவில்லை. நிற்கப் போகிறான். இதோ நிற்கப் போகிறான்! இடது பக்கம் இரண்டொருத்தருக்கு முழங்கால்கூட மடங்கியது.

அவன் சட்டென்று மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டான்.

இருநூறு பேருக்கும் பாட்டு மனப்பாடம். இருநூறும் இளம் தொண்டை. அவள் எந்த வேகத்தில் அடித்தாலும் அந்த வேகத்தில் பாடித் தீர்த்தார்கள். அவன் ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையில் மைக்கை நீட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தான். என்னமோ அவனுடைய பெருந்தன்மையால்தான் அவர்கள் பாடுகிற மாதிரி. இடிக்கு அழுகையே வந்துவிட்டது. எப்போதும் இதேதான். மூச்சு இன்னொருத்தருடையது, பேர் அவனுடையது. கேசட்டும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான், இவனை ஒன்றும் செய்யவே முடியாது.

"சாவி எங்கே!" என்று இருநூறு பேரும் கத்தினார்கள். எல்லா வாத்தியமும் அடங்கியது. அவளுடைய வலது கால் பெடலுக்கு மேலே தூக்கி நின்றது.

கால் இறங்கவில்லை.

அவள் யோசித்துச் செய்தது இல்லை. கால்தான் முடிவு செய்தது. நெட்டை காத்திருந்தான், கூட்டம் காத்திருந்தது, மைக்கைத் திரும்ப வாயருகே கொண்டுபோய் அண்ணனும் காத்திருந்தான். நொண்டி அடி விழாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, அது அந்தப் பாட்டை முதல் தடவை கேட்கிறவனுக்குக்கூடத் தெரியும். இன்னும் ஒரு விநாடி அமைதியாக இருந்தால் பாட்டு நின்றதாகிவிடும், முழங்கால்கள் மடங்கும். அப்போதுதான் அவள் கை அசைந்தது. இரண்டு குச்சியும் சின்ன ட்ரம்மின் மேல், மழை ஆரம்பிக்கிற மாதிரி, மெதுவாக ஓட ஆரம்பித்தன. பாட்டு நிற்கவில்லை. பாட்டு போய்க்கொண்டுதான் இருந்தது. கால் மட்டும் மேலேயே இருந்தது.

கைகள் வேகமெடுத்தன, எல்லா ட்ரம்மையும் சுற்றி வந்தன, பித்தளைத் தட்டுகளில் ஏறி இறங்கின. ஒரு கட்டத்தில் கைகள் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்தன, அடுத்தது டும்தான் என்று யாராக இருந்தாலும் சத்தியம் செய்வார்கள். அண்ணன் மூச்சை இழுத்து, கையை வீசி, வாயை அகலமாகத் திறந்தான். டும் வரவில்லை. மறுபடி மழை. கூட்டம் 'ஆ' என்றது. இரண்டாவது தடவையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். அவன் மறுபடி வாயைத் திறந்தான், டும் வரவில்லை. இப்போது கூட்டம் சிரித்தது. மூன்றாவது தடவை அவன் உஷாராக, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். அவள் காலை நிஜமாகவே இறக்குகிற மாதிரி இறக்கினாள், அவன் அவசர அவசரமாக வாயைத் திறந்தான், கால் பெடலுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றுகொண்டது. கிடங்கே அதிர்ந்தது. ஊக்குக்காரர்களும் ஜிகினாக்காரர்களும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். "கை நடுங்குதாம்டா!" என்று எவனோ கத்தினான். அதைக் கேட்டு இன்னொரு பெரிய சிரிப்பு எழுந்தது.

நாலு நிமிஷம். விரிப்புக் கணக்கில் சொன்னால் இருபத்தாறு விரிப்பு. அத்தனை நேரமும் அவன் விளக்கு வெளிச்சத்தில், வெள்ளி உடுப்பில், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றான். பாட முடியாது. பாடாமல் இறங்கவும் முடியாது. மைக்கை நீட்டினால் கூட்டமும் பாடவில்லை, அவர்களும் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தான். சின்ன வயசில் அப்பாவிடம் மாட்டிக்கொண்டால், நீதான் செஞ்சதா சொல்லிடுடி என்று கெஞ்சுவானே, அதே பார்வை. அவள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. தித்திப்பாக இருந்தது.

குதிகால் முதலில் ஆடியது. பிறகு முழங்கால். அந்தக் கால்சட்டையில் உட்காருவது சாமானியம் இல்லை. ஒரு கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சரிந்து, 'தொப்' என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான் மினுக்கு. இருநூறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தது பாடகன் ஒருத்தன்தான். அந்தக் கிடங்கில் அதுவரைக்கும் யாரும் பார்த்திராத காட்சி. சிரிப்புகூட ஒரு நொடி நின்றுபோனது.

அப்போது அவள் மிதித்தாள்.

டும்! நெட்டை பாய்ந்தான், கூட்டம் பாய்ந்தது, கடைசி அடி முழுவதையும் கூரை பெயரப் பாடினார்கள். எழுந்திருக்கப் பார்த்த அண்ணனுக்குக் குதிகால் ஒத்துழைக்கவில்லை. பாட்டு முடிந்தபோது அவன் ஒரு முழங்காலில்தான் இருந்தான். அவள் குச்சிகளை ட்ரம் மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்னறைக்குப் போனாள்.

பின்னறை என்பது டைல்ஸ் மாதிரிகளை அடுக்கி வைக்கிற இடம். பூட்ஸைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டே அண்ணன் கத்தினான். "என்ன காரியம்டி பண்ணே? சொந்த அண்ணனை! என் மானம் போச்சு. என்னடி பாவம் பண்ணேன் உனக்கு?"

"ஸ்பிரிங் கழண்டுச்சு" என்றாள் இடி.

"என்னது?"

"மாதிரி கேசட் எடுத்தப்ப. என் பெடல் ஸ்பிரிங் கழண்டுச்சு. அதான் நொண்டி அடி. நீ செருப்பு அறுந்து நடந்தேன்னு சொல்லிட்டுத் திரியறியே, அது. ரெக்கார்டிங் தள்ளிப் போகலை. என் கை நடுங்கலை. மூணும் உனக்குத் தெரியும்."

அவன் பூட்ஸை விட்டுவிட்டு வாயைத் திறந்தான். மேடையில் திறந்த மாதிரியே திறந்து, அப்படியே மூடினான். அதற்குள் கதவு தடாலென்று திறந்தது. டைல்ஸ்காரி, அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு ஊர் பயணத்தை ஏற்பாடு செய்திருந்த பெண்மணி. அந்த ஏற்பாட்டாளம்மாவுக்கு முகமெல்லாம் வியர்வை, ஜிகினா, சந்தோஷம்.

"இருபத்தஞ்சு வருஷமா கிடங்கு நடத்தறேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்ல!" என்றாள் டைல்ஸ்காரி. "தரை நிக்குது, பாடகன் உக்கார்றான்! வெளியில யாரும் வீட்டுக்குப் போக மாட்டேங்கறாங்க. அதையேதான் பேசிட்டு நிக்கறாங்க."

"யாரோட யோசனை இது?" என்று கேட்டாள் ஏற்பாட்டாளம்மா.

இடி அண்ணனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிகினா வழிந்த அந்தக் கன்னத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, பழைய வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது. ஒரு கை தலைமுடியைக் கோதியது.

"என்னோடதுதான்" என்றான். "ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. பாடகன்னா எப்பவும் நிமிர்ந்தே நிக்கணுமா என்ன? அவனோட கர்வம் உடைஞ்சு விழறதை ஜனங்க பார்க்கணும். தங்கச்சிகிட்ட நான்தான் சொல்லி வச்சேன், நான் உக்கார்ற வரைக்கும் மிதிக்காதேன்னு. அப்படித்தானே?"

இடிக்கு அவன் மண்டையில் ஒரு டைல்ஸைப் போட வேண்டும் போல் இருந்தது. பழிவாங்கினதையும் எடுத்துக்கொண்டான்! அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான், அதிலும் தன் பேரை ஒட்டிக்கொண்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் ஏற்பாட்டாளம்மா முந்திக்கொண்டாள்.

"அப்ப மீதி பதினொரு ஊர்லயும் இதேதான். இனிமே இது இல்லாம உங்களை யாரும் விடமாட்டாங்க, எல்லார் போன்லயும் படம் ஏறிடுச்சு. போஸ்டரை மாத்தறேன். நாளைக்கு அடுத்த ஊர். தங்கச்சியும் வரணும். வேற ட்ரம்ஸ்காரன் வேண்டாம், சொல்லிடறேன்."

அண்ணனின் கை தலைமுடியிலேயே நின்றுபோனது. "இல்ல... இது ஒரு தடவைக்குத்தான்... அவளுக்கு வேலை இருக்கு... அம்மாவைப் பார்த்துக்கணும்..."

"உங்க யோசனைன்னு சொன்னீங்களே?"

"என்னோடதுதான். அதுல என்ன சந்தேகம்."

"அப்புறம் என்ன? நீங்க சொல்லுங்கம்மா. லீவு கிடைக்குமா?"

இடிக்கு ஆஸ்பத்திரியில் எடுக்காமல் சேர்ந்த லீவு அறுபத்து மூன்று நாள் இருந்தது. அம்மாவை ஜோடிக்காரி பார்த்துக்கொள்வாள், கேட்டால் மாட்டேன் என்று சொல்கிறவள் இல்லை. பதினொரு ஊர். பதினொரு ராத்திரி, பதினொரு கூட்டம், அதே வெள்ளி உடுப்பு. உடம்பு பூராவும் ஒரு குளிர்ச்சி பரவுவதை அவள் உணர்ந்தாள்.

"கிடைக்கும், வரேன்" என்றாள் இடி. பிறகு குனிந்து, அண்ணனின் பூட்ஸை ஒரே இழுப்பில் கழற்றி, அவன் மடியில் வைத்தாள். "ஆனா இன்னிக்கு அவசரப்பட்டு உக்காந்துட்டே அண்ணா. நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும், சரியா?"